வயர்லெஸ் ஆனில் இருந்தது

ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா
செப்டம்பர் மாதம், ஞாயிறு இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம் கையால் எழுதி, அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாய். ஹாஸ்டலில் எனக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தாயே, அதே சாய்ந்த எழுத்து. இரண்டு தடவை படித்தேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே.

நீ ஓய்வு பெற்ற அன்று வயர்லெஸ் செட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது இடுப்பில் ஏதோ குறைகிறது என்று கை தானாகத் தடவிப் பார்த்தது என்று எழுதியிருந்தாய். இப்போதும் காலை ஆறு மணி வயர்லெஸ் அழைப்புக்கு முழிப்பு வந்துவிடுகிறது, பதில் சொல்ல ஆள் இல்லாமல் படுத்துக் கிடக்கிறேன் என்றும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சரியாக அதே வாரம்தான் நான் ஒரு மலைக் கணவாயில் நின்று வேறொரு வனக்காவலரின் வயர்லெஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

ஆகஸ்ட் கடைசியில் மகன் என்னை சியரா நெவாடா மலைக்குக் கூட்டிப் போனான். ஆனியன் பள்ளத்தாக்கு என்ற இடம் வரை கார் போகும். அங்கிருந்து கியர்சார்ஜ் கணவாய்க்கு ஏழரை கிலோமீட்டர் நடை. கணவாய் ஏறக்குறைய 3,580 மீட்டர் உயரம், தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூடுதல். பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். மேலே போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. ஏரி ஏரியாகக் கிடக்கிறது, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கூர்கூராகப் பாறை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ரோடு இல்லை, ஒரு கம்பம் இல்லை.

அங்கே ஒரு பெண் ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைவலி இருக்கிறதா, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. என் நண்பன் ஒருவன் தென்னிந்தியக் காட்டில் வனவராக இருந்தவன் என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. பிறகு வடக்குப் பக்கம் கை காட்டி, ராண்டி மோர்கன்சனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றார். பேர் மட்டும் எங்கோ கேட்ட ஞாபகம். வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன், மாப்பிள்ளை. இரண்டு வாரமாக மனது அங்கேயே இருக்கிறது.

1942-இல் பிறந்தவர். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர். அப்பா அங்கே வேலை பார்த்தவர், காட்டுப் பூக்களைப் படம் எடுப்பதிலும் சுற்றுலா வருபவர்களை அழைத்துப் போய்ப் பூக்களைக் காட்டுவதிலும் பேர் வாங்கியவர். பெரிய புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கம். இந்தப் பையன் வாலிபத்தில் ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பில் சேர்ந்து நம் இந்தியாவிலும் இருந்திருக்கிறார். திரும்பி வந்தபின் கோடைக்குக் கோடை இந்த மலைதான். மொத்தம் 28 கோடை, செக்கோயா, கிங்ஸ் கேன்யன் இரண்டு பூங்காக்களின் உள்காட்டில் ரேஞ்சராக வேலை பார்த்திருக்கிறார்.

உள்காட்டு ரேஞ்சர் என்றால் ஜீப்பில் சுற்றுகிற வேலை இல்லை. பனி உருகியதும் ஹெலிகாப்டரிலோ கோவேறு கழுதையிலோ கோடைக்கான சாமானை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அப்புறம் ஒரு கூடாரம் அல்லது சின்னக் குடில், ஒற்றை ஆள், பனி விழும் வரை. தினம் நடை. வழி தவறியவர்களைத் தேடுவது, கால் முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது, யாரோ விட்டுப்போன குப்பையை மூட்டை கட்டிச் சுமப்பது. மோர்கன்சனுக்கு மலைப் புல்வெளி என்றால் உயிர். குதிரையும் கழுதையும் மேய்ந்து ஈரப் புல்வெளி குளம்படியில் சேறாவதை வருஷம் தவறாமல் குறித்து, படம் எடுத்து, இந்த இடத்தில் மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைப் படித்தபோது நீ ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட் எழுதியது ஞாபகம் வந்தது.

இதில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறொன்று. 28 கோடை வேலை பார்த்தும் அவர் நிரந்தர ஊழியர் இல்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வேலை முடிந்தது, அடுத்த கோடையில் புதிதாக எடுப்பார்கள். பென்ஷன் கிடையாது. நம் பக்கத்து வேட்டைத் தடுப்புக் காவலர்களை வைத்து நீ எத்தனை தடவை வருத்தப்பட்டிருக்கிறாய்! காட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஆள்தான் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கிறான் என்பாயே, இவ்வளவு பணக்கார நாட்டிலும் அதே கதைதான்.

1996 கோடையில் அவரை பெஞ்ச் ஏரிப் பக்கம் போட்டிருந்தார்கள். 3,200 மீட்டர் உயரத்தில் ஏரி, ஜான் மியூர் நடைபாதைக்குப் பக்கம். தங்குவதற்கு ஒரு கூடாரம். அவருக்கு அப்போது 54 வயது. மனது நன்றாக இல்லாத கோடை அது. கல்யாண வாழ்க்கை உடைந்து, விவாகரத்துப் பத்திரத்தையும் கையோடு மேலே கொண்டு போயிருந்தார். ஜூலை 21 அன்று கூடாரத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறார். ரேஞ்சர் ரோந்து போயிருக்கிறார், மூன்று நாலு நாள் ஆகும். ரேடியோ உள்ளே இல்லை, என்னோடு இருக்கிறது. சாமானைக் கலைக்காதீர்கள், கோடை முழுக்க எனக்கு இருப்பது இவ்வளவுதான். இந்தக் கருத்தில் இருந்தது சீட்டு.

அதற்குப் பிறகு ரேடியோவில் அவர் குரல் வரவில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் பதறவில்லை. மலை மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது, பேட்டரி தீர்ந்துபோகும். உனக்குத் தெரியாததா? மௌனம் நீண்டதும் தேடல் தொடங்கியது. நூறு பேர் வரை, ஹெலிகாப்டர்கள், மோப்ப நாய்கள். தேடியவர்களில் பலர் அவரோடு வேலை பார்த்த ரேஞ்சர்கள். அவரிடமே தேடக் கற்றுக்கொண்டவர்களும் அதில் இருந்தார்கள்.

இந்த மாதிரித் தேடலில் அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், உனக்குப் பிடிக்கும். வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆளைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல், இந்தத் துண்டில் இருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எழுத வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். சத்தமாகப் பேசுகிறவன் சொன்ன பக்கமே எல்லாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தப் பட்டியலில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, அதற்குப் பேர் ‘உலகின் மிச்சப் பகுதி’. அதாவது, ஆள் இந்த மலையிலேயே இல்லை, எங்கோ போய்விட்டார் என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அதில் எழுத வேண்டும்.

அந்தக் கட்டத்தில் ஒரு நண்பனைப் பற்றி என்ன எண்ணை எழுதுவது, சொல்! அவர்களுக்கு அவர் சோகமாக இருந்தது தெரியும். ஒருமுறை யாரிடமோ, இந்த மலைகளுக்கு நான் பட்டிருக்கிற கடனுக்கு என் உடம்பையாவது கொடுக்க வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னதும் தெரியும். ஆகவே பாறையையும் பனியையும் தேடிக்கொண்டே அவர் மனதுக்குள்ளும் தேட வேண்டியிருந்தது. உயிரை விட்டுவிட்டாரா? எல்லாவற்றையும் உதறிவிட்டு வேறு பேரில் எங்காவது போய்விட்டாரா? இவ்வளவு காடு தெரிந்தவர் ஒளிந்துகொள்ள நினைத்தால் நாம் கண்டுபிடிக்க முடியுமா? தேடியவர்கள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லவே கூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காட்டில் காணாமல் போன அந்த வாட்சரை, உங்கள் காவலாளியை, நீ தேடிய ராத்திரி ஞாபகம் வந்தது. மூங்கில் காட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டு ஓடும்போது நீ மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்தாய் என்று சொன்னாயே. ‘நான் அவனாக இருந்தால், யானை எதிரே வந்தால், எந்தப் பக்கம் ஓடியிருப்பேன்?’ என்று யோசித்தாய். விடியும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரத்தின் மேல் ஆளைக் கண்டுபிடித்தாய். அந்த ரேஞ்சர்களும் அப்படித்தான் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உனக்கு ஆள் கிடைத்தான். அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு துணி, ஒரு பொருள் என்று எதுவும் கிடைக்காமல் கடைசியில் பெரிய தேடலை நிறுத்தினார்கள்.

ஐந்து வருஷம், மாப்பிள்ளை. அந்த ஐந்து வருஷமும் அவர் குடும்பத்துக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. அந்த இடைவெளியில் ஊர் வாய் சும்மா இருக்குமா? எங்கோ பார்த்தேன் என்பார்கள், தானே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பார்கள்.

2001 ஜூலையில் நடைபாதை சீர் செய்யும் இளைஞர் குழு ஒன்று, விண்டோ பீக் ஏரிப் பக்கம், பாதையே இல்லாத ஓர் ஓடையில் ஒரு ரேடியோவைப் பார்த்தது. பிறகு பூட்ஸ், முதுகுப்பை, கொஞ்சம் எலும்பு. அவர்தான். பனி மூடிய ஏரி அல்லது ஓடையைக் கடக்கும்போது மேல்பனி உடைந்து கீழே உள்ள தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் கிடைத்த தடயங்களோடு பொருந்தும் விளக்கம். ஜூலையிலும் அங்கே நிழல் பக்கங்களில் பனி நிற்கும். மேலே பார்த்தால் கெட்டியான வெள்ளைத் தரை. அடியில் தண்ணீர் ஓடி ஓடி அரித்து, ஓட்டு மாதிரி மெல்லிசாக்கி வைத்திருக்கும். பனிப்பாலம் என்கிறார்கள். அதன் மேல் எத்தனை நூறு தடவை நடந்திருப்பார்!

முதுகுப்பையின் இடுப்புப் பட்டி மாட்டியபடியே இருந்தது. ரேடியோ ஆனில் இருந்தது.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். ரேடியோ ஆனில் இருந்தது. பேட்டரியைச் சேமிக்க அதை அணைத்து வைப்பதுதான் வழக்கம், தேவைப்படும்போது மட்டும் போடுவார்கள் என்று அந்தப் பெண் ரேஞ்சர் சொன்னார். எதையும் உறுதியாக நிரூபிக்காது என்றும் நேர்மையாகச் சொன்னார். எனக்கு அது போதும். சாக வேண்டும் என்று போனவர் கூப்பிட முயன்றிருக்க மாட்டார். பையை மாட்டிக்கொண்டு ரோந்து போன மனிதர், வேலையில் இருக்கும்போது விழுந்தார், எழப் பார்த்தார், கூப்பிடப் பார்த்தார். மனது உடைந்திருந்தது உண்மை. அதற்காக அவர் சாவையும் அந்த உடைசலோடு முடிச்சுப் போட நமக்கு என்ன உரிமை? மனது சரியில்லாத நாளிலும் காலையில் எழுந்து ரோந்துக்குப் போனவன்தானே நீயும்? அப்பா இறந்து பதினேழாம் நாள் நீ மலையில் இருந்தாய். அன்று உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

சரி, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் நலம். பேத்திக்கு மூன்று வயது முடிந்தது. இன்னும் தமிழில்தான் கோபப்படுகிறாள், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். டிசம்பரில் வரப் பார்க்கிறேன், டிக்கெட் விலை பார்த்துச் சொல்கிறேன். வந்தால் உன்னோடு மேலே நடக்க வேண்டும். நீ எந்தக் கல்லில் உட்கார்ந்து யோசித்தாய் என்று காட்டு.

இறங்கக் கிளம்பும்போது அந்தப் பெண் தோளில் இருந்த ரேடியோவை எடுத்தார். தன் பேரையும் இடத்தையும் சொன்னார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல், கேட்கிறது என்றது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார், ஏரிகள் இருந்த பக்கமாக.

காலையில் ஆறு மணிக்கு முழிப்பு வந்தால் சும்மா படுத்துக் கிடக்காதே. எனக்கு ஒரு மெசேஜ் போடு. அப்போது இங்கே சாயங்காலம் ஐந்தரை, நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். உடனே பதில் போடுகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்