எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் பற்றிய புகார்

கொட்டகலை
2026 ஜனவரி 12

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2025 ஓகஸ்டில் உங்கள் கொம்பனி செய்த கூரை, பீலி, பின்சுவர்ப் பூச்சு வேலைகளால் வந்த ஆபத்து

ஐயா,

கடந்த ஓகஸ்ட் மாதம் உங்கள் ஆட்கள் ஐந்து பேர் வந்து எங்கள் வீட்டின் பழைய தகரத்தைக் கழற்றிப் புதிய தகடு போட்டார்கள். கூரைத் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் பீலியும் புதிதாகவே மாட்டினார்கள். அதற்காக 485,000 ரூபா செலுத்தினேன், பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது. கூரையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. நவம்பர் மழையிலும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அந்தக் கூரையில் விழுந்த தண்ணீரை நீங்கள் எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்பதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சரிவில் வெட்டி எடுத்த தட்டில் நிற்கிறது. முன்பக்கம் ரோட்டு. பின்பக்கம் குசினியைத் தாண்டி எட்டடி முற்றம், அதன் ஓரத்தில் என் மாமனார் காலத்துக் கருங்கல் சுவர். அந்தச் சுவர்தான் முற்றத்து மண்ணைப் பிடித்து நிற்கிறது. சுவருக்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், எட்டுக் குடும்பங்கள். அவர்களுடைய இஸ்தோப்பிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எங்கள் சுவர்தான் தெரியும்.

பழைய கூரையில் பின்பக்கப் பீலி பக்கவாட்டில் சாய்ந்து, வீட்டைச் சுற்றி வந்து, சீமெந்துக் கானில் இறங்கி, ரோட்டுக் கானுக்குப் போய்விடும். பார்க்க அழகில்லை. ஆனால் முப்பது வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீரும் அந்த முற்றத்தில் நின்றதில்லை. உங்கள் ஆட்கள் பின்பக்கப் பீலியை நேராக மூலைக்குக் கொண்டுவந்து, மூன்றடிக் குழாய் ஒன்றை மாட்டி, சுவருக்கு உட்புறம் வெறும் மண்ணில் விட்டுவிட்டார்கள். வீட்டைச் சுற்றிக் குழாய் கொண்டுபோக இன்னும் முப்பதடி தேவைப்பட்டிருக்கும். அந்தக் குழாய் விலைமதிப்பில் இல்லையென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கொடுத்திருப்பேன்.

நான் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள், அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரையின் பின்பாதி 360 சதுர அடி, ஏறத்தாழ 33 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு 3,300 லீற்றர். 150 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 5,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஐந்தை ஒரே மூலையில், சுவரின் முதுகில் கவிழ்ப்பதற்குச் சமம். மண் குடித்த தண்ணீர் மண்ணைக் கனமாக்கும், மண்ணின் பிடியைத் தளர்த்தும். போக வழியில்லாவிட்டால் சுவரையே தள்ளும்.

வழி இருந்தது, ஐயா. அதையும் நீங்கள்தான் அடைத்தீர்கள். சுவரின் வெளிமுகத்தில் ஆறடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில், மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வெளியேற இரண்டங்குலக் குழாய்கள் வைத்திருந்தது. பாசி பிடித்து அசிங்கமாக இருக்கிறது, சும்மா பூசித் தருகிறோம் என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். நானும் சரியென்றேன். வேலை முடிந்து பார்த்தால் சுவர் வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அந்தப் பதினான்கு குழாயும் பூச்சுக்குள் போய்விட்டதை அன்று நான் கவனிக்கவில்லை. கவனிக்காதது என் தவறுதான். ஆனால் நான் மேசன் இல்லை, நீங்கள் கூரை வேலையே தொழிலாக வைத்திருப்பவர்கள்.

நவம்பர் 27ஆம் திகதி இரவு டித்வா புயல் மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பக்கங்கள் நேரான ஜாம் போத்தல் ஒன்றை மழை அளக்க முற்றத்தில் வைத்திருக்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கைக்குச் சொல்லும் அளவுகளை அதில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் இடத்தைக் காலி செய்யும் சிவப்பு. காலையில் வெறுமையாக வைத்த போத்தல் இரவு ஒன்பது மணிக்கே இரண்டாவது கோட்டைத் தாண்டியிருந்தது. கரண்ட் இல்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். உங்கள் குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிய இடத்தில் ஒரு வாளி கொள்ளும் அளவுக்குக் குழி. முற்றத்துச் சீமெந்தில் சுவருக்கு இணையாக நீளமாக ஒரு வெடிப்பு. விரலை வைத்துப் பார்த்தேன், நகம் உள்ளே போனது. அன்று காலையில் அங்கே வெடிப்பே இல்லை.

சரிவில் வீடு கட்டியவர்களுக்கு அந்த வெடிப்பின் அர்த்தம் தெரியும்: மண் நகரத் தொடங்கிவிட்டது. கதவு திடீரென்று இறுகிக்கொள்வது, மரம் ஒரு பக்கம் சாய்வது, தெளிந்த ஊற்று கலங்கி ஓடுவது எல்லாம் அதே செய்திதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் யோசிக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை. குடையும் இல்லாமல் படி இறங்கி லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கடைசிக் காம்பிராவில் படுக்கையில் இருக்கும் பெரியம்மாவை இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். சின்னப் பிள்ளையொன்று, "டீச்சரம்மா, ஒங்க செவுரு விழுந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சுவர் விழவில்லை. விழாததற்கு உங்கள் கொம்பனி காரணமும் இல்லை.

மழை விட்டு மூன்றாம் நாள் இங்குள்ள மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். சுவரின் நடுப்பகுதி ஒன்றரை அங்குலம் முன்னால் தள்ளியிருந்தது. கையால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தவர், ஓரிடத்தில் உளியை வைத்து நாலு அடி அடித்தார். பூச்சு பெயர்ந்தது. உள்ளிருந்து மண்ணிறத் தண்ணீர் ஒரு முழம் தூரத்துக்குப் பீய்ச்சியடித்தது. மழை நின்று மூன்று நாள் கழித்து! அரை மணி நேரத்துக்கு அந்த ஓட்டை ஒழுகிக்கொண்டே இருந்தது. "டீச்சர், இது செவுத்துக்கு மூக்கு. மூக்கப் பொத்திட்டுப் போயிருக்காங்க" என்றார். மற்றப் பதிமூன்றையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம், ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறப்போம் என்றும் அவர்தான் சொன்னார். வெடிப்பில் களிமண் திணித்து, மேலே தறப்பாள் விரித்து, இரண்டு பக்கமும் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி இடைவெளியை ஞாயிற்றுக்கிழமை தோறும் அளந்து எழுதி வருகிறேன். டிசம்பர் நடுவிலிருந்து அது கூடவில்லை.

உங்கள் கிளைக்கு மூன்று தடவை அழைத்தேன். மூன்றாவது தடவை பேசியவர், "டீச்சர், கூரை ஒழுகுதா? ஒழுகலைதானே? பத்து வருஷ உத்தரவாதம் கூரைக்குத்தான்" என்றார். உத்தரவாத அட்டையை நானும் படித்தேன். அவர் சொன்னது சரிதான், அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் பீலி மாட்டக் காசு வாங்கியவர்கள் பீலித் தண்ணீர் போகும் இடத்துக்கும் பொறுப்பு. மலைநாட்டில் கூரை வேலை தகட்டோடு முடிவதில்லை, தண்ணீர் கானில் இறங்கிய பிறகுதான் முடிகிறது. கொழும்பில் முற்றத்து மணலில் விட்டால் மணல் குடித்துவிடும். இங்கே மண் குடித்தால் லயத்தின் மேல் வரும்.

நான் கேட்பது இதுதான். பின்பக்கப் பீலியை மூடிய நாலங்குலக் குழாயில் வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் ரோட்டுக் கானில் சேர்த்துத் தர வேண்டும், இடையில் எங்கேயும் மண்ணில் விடக் கூடாது. அடைத்த குழாய்களை உங்கள் செலவில் திறந்து, மண் வந்து மறுபடி அடைக்காதபடி உள்வாயில் சல்லியும் வலையும் வைக்க வேண்டும். தள்ளிய சுவரைத் தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும், அவர் கட்டணம் உங்களுடையது. மேசன் பாஸுக்கு நான் கொடுத்த 18,500 ரூபாவையும் திருப்பித் தர வேண்டும். இன்னுமொன்று, இதுதான் எனக்கு முக்கியம்: எங்கள் வீட்டுக்கு வந்த அதே ஆட்கள் அதே மாதம் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் வேலை செய்ததாகச் சொன்னார்கள். அந்த வீடுகளின் குழாய் வாய்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள். அவர்களிடம் ஜாம் போத்தல் இருக்குமோ என்னவோ.

மார்ச்சில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். ஆகவே பெப்ரவரி 15க்குள் வேலை முடிய வேண்டும். ஜனவரி 31க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டு, சுவரின் படங்கள், நான் எழுதி வைத்த அளவுகள் எல்லாவற்றோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பேன்.

ஆட்களை அனுப்புவதென்றால் இரண்டு நாள் முன்னதாக எனக்கு அறிவியுங்கள். சுவரைத் தட்டும்போது லயத்துப் பிள்ளைகள் கீழே விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டகலை