பிரவுசிங் சென்டரில் உதவிய ஐயாவுக்கு நன்றி

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். ஆவடி பக்கம் மனைத் தரகு வேலை எனக்கு. அப்புறம் பல மாதம் ஒரு பத்திரம்கூட ஆகவில்லை. கமிஷன் போனதுகூடப் பரவாயில்லை. என்னை நம்பி வாங்கியவர்கள் கடைத்தெருவில் நிறுத்தி, "தம்பி, நம்ம இடம் என்ன ஆகும்?" என்று கேட்டதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

2017 மே மாதம், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தித் தரும் அரசின் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனை என்றால் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆன்லைனில். எனக்கு அது பழக்கமில்லை. பிரவுசிங் சென்டரில் கட்டுக் காகிதத்தோடு விழித்துக்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்த நீங்கள் "இப்படிக் கொடுங்க" என்று வாங்கிப் பார்த்தீர்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு வரைபடம் என்று அடுக்கினீர்கள். ஒரு பத்திரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு பட்டாவோடு ஒத்துப்போகாததைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அது எங்கள் தெரு இட்லிக்கடை அக்காவின் மனை. பிழைத்திருத்தல் பத்திரம் போடச் சொன்னீர்கள்.

மூன்று சனிக்கிழமை வந்து, 11 குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். டீ தவிர எதுவும் வாங்கவில்லை. பெயர் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஐயா, அக்காவுக்கு வரன்முறை ஆணை வந்தது. இப்போது அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார். உங்களை ஒருமுறை சாப்பிடக் கூட்டிவரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாங்க ஐயா.