படத்துக்கு கீழ இன்னும் ரெண்டு வரி போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல நடுப்பக்கம் முழுக்க நார்வே ப்ரெய்க்கஸ்டூலன் பாறை படம் போட்டிருந்தீங்க, கீழ 'நார்வேயின் பேரழகு'ன்னு ரெண்டே வார்த்தை. படம் அருமை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆகஸ்ட்ல ஐரோப்பா டூர் போகப்போற பக்கத்து வீட்டு தம்பி அதப் பாத்துட்டு வந்து, "அங்கிள், பஸ்ஸ விட்டு இறங்கி ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு வந்துடலாம்ல?"ன்னு கேட்டார். அவர சொல்லி குத்தமில்ல, அந்த பக்கத்துல இருந்தது அவ்ளோதான். அதனாலதான் இந்த லெட்டர்.

நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு நார்வேல ஸ்டவாங்கர்ங்கற ஊர்ல வேலை பாக்குறா, ஒரு ஜூன் மாசம் அவ வீட்ல தங்கினப்ப அந்த பாறைக்கு மூணு தடவ கேமராவ தூக்கிட்டு கிளம்பினேன். ஊர்லேந்து கார்ல முக்கால் மணி நேரம், கடலுக்கு அடியில சுரங்கப்பாதை வழியா போகணும். கார் பார்க்கிங்லேந்து போக வர 8 கிலோமீட்டர் நடை, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அஞ்சு மணி நேரம் வச்சுக்கணும். பாதி வழி கல்லு படிக்கட்டு, அத நேபாளத்துலேந்து ஷெர்பாங்கள, அதாவது அந்த ஊர் மலைவாசிங்கள, வரவழச்சு போட்டிருக்காங்க, ஒவ்வொரு கல்லும் காலு வச்சா அசையாம அப்படி உக்காந்திருக்கு. நடுவுல சதுப்பு நிலம் வர்ற எடத்துல பலகை போட்டிருப்பாங்க, மழை பேஞ்சா அந்த பலகை வழுக்கும், ட்ரைபாட, அதான் கேமராவோட மூணு கால் ஸ்டாண்ட, பையில கட்டிட்டு ரெண்டு கையும் காலியா வச்சுக்கறது நல்லது.

மொத தடவ மத்தியானம் ஒரு மணிக்கு மேல போய் சேந்தோம். சூரியன் உச்சியில, கீழ 604 மீட்டர் பள்ளத்துல லீச ஃபியோர்டு, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள புகுந்த கடல் தண்ணி, எதிர்க்கரை மலை முழுக்க நிழல்ல கருப்பா கெடக்கு, மேல வானம் வெள்ளையா வெளுத்துப் போச்சு. கேமராவுல வெளிச்ச அளவ (எக்ஸ்போஷர்) வானத்துக்கு வச்சா மலை கருப்பாயிடுது, மலைக்கு வச்சா வானமே இல்ல. பாறை மேல அவ்ளோ கூட்டம், ஓரத்துல நின்னு போட்டோ எடுக்க க்யூ. உங்க படத்துல ஒரே ஒரு ஆள் தனியா நிக்கிறாரே, அந்த ஒருத்தருக்கு பின்னாடி எத்தன பேர் காத்திருந்தாங்கன்னு படம் சொல்லாது.

ரெண்டாவது தடவ பாதி வழியிலேயே மேகம் இறங்கிடுச்சு. லென்ஸ துடைக்க துடைக்க ஈரம், முன்னாடி பத்தடி தள்ளி இருக்கிற பாறை தெரியல. அந்த உச்சியில கம்பி வேலி எதுவும் கிடையாது சார், வேணும்னேதான் போடாம விட்டிருக்காங்க. எதிர்ல குழந்தைய முதுகுல கட்டிட்டு இறங்கி வந்த ஒரு நார்வே அம்மா, நாங்க திரும்பிடறோம் நீங்களும் திரும்பிடுங்கன்னாங்க. அந்த நாட்டுல மலை ஏறுறவங்களுக்குன்னு 9 விதி இருக்கு, சின்ன பிள்ளைங்க கூட சொல்லும், அதுல எட்டாவது, நேரத்தோட திரும்பிடு, திரும்பறதுல வெக்கம் ஒண்ணும் இல்லங்கறது. ஒரு படம் கூட எடுக்காம இறங்கினோம், எனக்கு அன்னிக்கு மனசு ஆறவே இல்ல, இப்ப நெனச்சா அந்த அம்மாவுக்கு கையெடுத்து கும்பிடணும் போல இருக்கு.

மூணாவது தடவ சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற ஆரம்பிச்சோம். ஜூன் மாசம் அங்க சூரியன் மறைய ராத்திரி பத்தரை தாண்டிடும். நம்ம ஊர்ல காவிரி பாலத்துல நின்னு பாத்தா சூரியன் நேரா கீழ விழுந்த மாதிரி சட்டுனு போயிடும், பத்து பதினஞ்சு நிமிஷம்தான் அந்த கலர். அங்க சூரியன் சாய்வா, சரிவுல உருண்ட மாதிரி மெல்ல இறங்குது, அதனால அந்த மஞ்ச வெளிச்சம் மணிக்கணக்குல நிக்குது. கோடையில அது வடமேற்குல போய் மறையறதால, பகல் முழுக்க நிழல்ல கெடந்த எதிர்க்கரை, வடக்க பாத்த சுவர், சாயங்காலம் சாஞ்சப்பறம்தான் நல்லா வெயில பாக்குது. கருப்புன்னு நெனச்ச பாறையில சிவப்பு, சாம்பல், பாசி பச்சைன்னு ஒவ்வொரு விரிசலும் தனித்தனியா எழுந்து வந்துச்சு. காத்து ஜாஸ்தி, ஆடாம இருக்க பைய ட்ரைபாட் நடுக்கம்பில தொங்க விட்டு, லென்ஸ் துவாரத்த சின்னதா எஃப் 11ல வச்சு எடுத்தேன். ஓரத்துக்கு போகவே இல்ல, இருபதடி உள்ள தள்ளி உக்காந்து எடுத்த படம்தான் என்கிட்ட இருக்கறதுலேயே நல்ல படம். இறங்கும்போது மணி பன்னெண்டு ஆகியும் முழு இருட்டு இல்ல, ஆனா மரத்தடியில படி தெரியாது, தலை டார்ச் இல்லாம வந்திருக்க முடியாது.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, அதே எடம், அதே கேமரா, அதே ஆள், மூணு நாளும் மூணு விதம். நீங்க போடற படத்துக்கு கீழ எந்த மாசம், எத்தன மணி, எவ்வளவு நடை, வேலி இருக்கா இல்லையா, இவ்ளோ போட ரெண்டு வரி போதும். படம் அனுப்பற வாசகர்கிட்டயே இத கேட்டு வாங்குங்க, நடந்து போய் எடுத்தவருக்கு கண்டிப்பா தெரியும். கலர ஏத்தி எடிட் பண்ணியிருந்தா அதையும் சொல்லிடுங்க. மேகம் மூடின நாள் படமும் எப்பவாவது ஒண்ணு வரட்டும், அந்த மலை வருஷத்துல நெறைய நாள் அப்படித்தான் இருக்கும்.

தம்பிக்கு ஒரு பேப்பர்ல எழுதி குடுத்திருக்கேன். ஆகஸ்ட் நடுவுல ஒம்பதரைக்குள்ள சூரியன் போயிடும், அதனால நாலு மணிக்கே ஏறணும், மழை கோட்டு, டார்ச், ரெண்டு லிட்டர் தண்ணி, மேகம் இறங்கினா திரும்பிடணும்னு. டூர் கம்பெனிகிட்ட ஒரு நாள் முழுசா ஒதுக்க சொல்லி கேட்டிருக்கார், இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சி