அந்தப் புலியை வாங்குவதற்கு முன்

கோயம்புத்தூர்

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ஏழு படங்களையும் இரண்டு நாட்களாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடக்கும் வெண்கலப் புலி, பீடத்தில் பிரெஞ்சுச் சிற்பி பாரீயின் கையெழுத்து, அதன் அருகே நூறு பிரதிகளில் முப்பத்தேழாவது என்று சொல்லும் 37/100 என்ற எண், கூடவே விற்பவர் கொடுக்கும் சான்றிதழ். உன் இரண்டு மாதச் சம்பளம் விலை என்கிறாய். பாரிஸில் குடியேறிய நாளிலிருந்து இப்படி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று நீ ஆசைப்பட்டு வருவது எனக்குத் தெரியும். அதனாலேயே, நான் கீழே எழுதியிருப்பவற்றைச் செய்து முடிக்கும் வரை முன்பணம் எதுவும் கொடுக்காதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு நம்பிக்கை தந்த அந்த எண்தான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது. அந்த்வான் லூயி பாரீ 1795-இல் பிறந்து 1875-இல் மறைந்தவர். தம் சிறு வெண்கல விலங்குகளுக்கு விலைப்பட்டியல் அச்சிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் வார்த்து விற்றுப் பிழைத்தவர். நூறு பிரதிகளோடு நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுக்கும் வழக்கம் அவர் தொழிலில் இல்லை. அவர் காலத்து வார்ப்புகள் சிலவற்றில் எண் பொறித்திருப்பது உண்டு. ஆனால் அது எத்தனையாவது வார்ப்பு என்பதைச் சொல்லும் தனி எண்ணே தவிர, கோடு போட்டு மொத்தத்தையும் சேர்த்து எழுதும் எண் அன்று. அந்தப் பின்ன எழுத்து பிற்காலத்து வழக்கம். ஆகவே பாரீயின் பெயருக்குப் பக்கத்தில் 37/100 என்று இருந்தால், அவர் இறந்து வெகுகாலம் கழித்து யாரோ வார்த்த பிரதி என்றே முதலில் கொள்ள வேண்டும்.

அசல் என்ற சொல்லுக்குள்ளும் படிகள் உண்டு. 1848-இல் பாரீ கடனில் முழுகினார். அவருடைய மாதிரிகளும் அவற்றை வார்க்கும் உரிமையும் எமில் மார்த்தேன் என்பவரின் கைக்குப் போய், 1857-இல்தான் பாரீயிடம் திரும்பின. பாரீ இறந்த மறு ஆண்டு நடந்த ஏலத்தில் பெர்டினான் பார்பெதியேன் என்ற பெரிய வார்ப்புக்கூடக்காரர் மாதிரிகளில் பெரும்பகுதியை வாங்கி, தம் கூடத்தின் பெயரையும் பொறித்துப் பல ஆண்டுகள் வார்த்து விற்றார். பாரீ தம் கண்முன் வார்த்து, தாமே உளி பிடித்துத் திருத்தியது ஒன்று. மார்த்தேன் காலத்தது ஒன்று. பார்பெதியேன் வார்த்தது ஒன்று. மூன்றும் முறையான மாதிரியிலிருந்து பிறந்தவை, ஆனால் மூன்றின் விலையும் ஒன்றல்ல. நான் அஞ்சுவது நான்காவது வகைக்கு: விற்று முடிந்த ஒரு வெண்கலத்தையே மாதிரியாக வைத்து, அதிலிருந்து அச்சு எடுத்து வார்ப்பது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக, அதாவது அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவைச் செய்பவனாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரங்கள் கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவையில் அவசரமாகத் தேவைப்பட்டன. மர பேட்டர்ன் விரிசல் விட்டிருந்ததால், ஸ்டோரில் கிடந்த ஒரு நல்ல இம்பெல்லரையே மண்ணில் பதித்து மோல்டு எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நாற்பது வார்ப்புகள் வந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நுட்பமாக அளக்கும் காலிப்பர் கருவியை வைத்தபோது நாற்பதும் அளவில் சிறுத்திருந்தன. உருகிய உலோகம் இறுகிக் குளிரும்போது சுருங்கும். கலவையைப் பொறுத்து வெண்கலம் மீட்டருக்குப் பத்து முதல் இருபது மில்லிமீட்டர் வரை சுருங்கும். அதனால்தான் எங்கள் கையில் இருக்கும் கான்ட்ராக்ஷன் ஸ்கேலில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மையான மில்லிமீட்டரை விடச் சற்று நீளமாகவே கோடிடப்பட்டிருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய், கணக்குத் தவறாக வருகிறது என்று அழுதுகொண்டு வந்தாயே, அதே ஸ்கேல்தான். பேட்டர்னைப் பெரிதாகச் செய்தால்தான் பொருள் சரியான அளவில் வரும். முடிந்த பொருளையே பேட்டர்னாக வைத்தால் ஒரு சுருக்கம் கூடுதலாக ஏறிவிடும், அதை எந்த உளியாலும் மறைக்க முடியாது.

உன் புலிக்கு வருவோம். உண்மையான வார்ப்பில் 400 மில்லிமீட்டர் இருக்கும் ஓர் இடம், அதிலிருந்து எடுத்த பிரதியில் 392-க்கும் 396-க்கும் இடையில் எங்காவது வந்து நிற்கும். கண்ணுக்கு இது தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். ஆனால் ஏலப் பட்டியல்கள் அளவை அரை சென்டிமீட்டருக்கு முழுமையாக்கி எழுதிவிடுவதால், அந்த எண்ணை நம்பி முடிவு செய்யாதே. பீடத்தின் நீளத்தையும் நம்பாதே, ஏனென்றால் பீடத்தின் ஓரத்தை அரத்தால் ராவியிருக்கலாம். விலங்கின் உடலிலேயே இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்: மூக்கின் நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று, முன்காலின் அடியிலிருந்து தோளின் உச்சி வரை இன்னொன்று. ஐயமற்ற ஒரு வார்ப்பில் எடுத்த அதே அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரே வார்ப்புக்கூடத்தின் பிரதியோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கூடங்கள் வெண்கலத்திலேயே ஒரு தாய் மாதிரி செய்து வைத்து அதிலிருந்து மண்ணில் வார்த்தன. தாய் மாதிரி மாறினால் நேர்மையான பிரதிகளுக்குள்ளும் சிறு வேறுபாடு வரும். பாரீயின் படைப்புகளுக்கு முழு அட்டவணை நூல் உண்டு, நூலகத்தில் கேட்டுப் பார். லூவரிலும், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் அவருடைய வெண்கலங்கள் நிறைய இருக்கின்றன.

லூவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் அங்கு வந்திருந்தபோது உன் அம்மா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட, நான் பாம்பை மிதிக்கும் பாரீயின் அந்தச் சிங்கத்தின் முன் வெகுநேரம் நின்றேன் அல்லவா? அது ஹோனோரே கோனோன் என்ற வார்ப்பாளர் மெழுகு முறையில், அதாவது மெழுகு உருவைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வார்த்தது. பிடரி மயிரின் ஒவ்வொரு கீற்றும், பாதத்தின் கீழ் பிதுங்கும் பாம்பின் தோலும் எவ்வளவு கூர்மை! அந்தக் கூர்மையை மனத்தில் வைத்துக்கொண்டு உன் ஐந்தாவது படத்தைப் பார். புலியின் விரல்களுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளம் சோப்புக் கட்டி கரைந்ததைப் போல மழுங்கியிருக்கிறது. கையெழுத்தின் ஓரங்களும் அப்படியே. வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுக்கும்போது அளவோடு சேர்ந்து இதுவும் போய்விடும்.

அடிப்பக்கத்தை நீ படம் எடுக்கவில்லை. பச்சை ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறது என்கிறாய். அதை நீக்கிக் காட்டச் சொல். மண் வார்ப்பின் அடியில் பல ஆண்டுகளின் பழுப்பு ஏறியிருக்கும், மரைகள் பழையனவாக இருக்கும். பளபளக்கும் அறுகோண நட்டும் புதிதாக அரைத்த தடமும் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள். விற்பவர் சம்மதித்தால் அடியில் ஒரு மூலையை ஊசியால் மெல்லக் கீறிப் பார். வெள்ளி போன்ற சாம்பல் நிறம் வந்தால் அது துத்தநாகத்தின் மேல் வெண்கல நிறம் ஏற்றியது. போன ஆண்டு பழம்பொருள் சந்தையில் நீ ஏமாந்த சிறுத்தை அப்படிப்பட்டதுதான். மேல்நிறத்தையும் கவனி. பலர் கைபட்ட வெண்கலத்தில் முதுகும் காதும் மட்டும் வெளிறியிருக்கும். எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. விலை இவ்வளவு என்றால், எக்ஸ்ரே கருவியால் உலோகக் கலவையைப் பார்க்கும் சோதனைக்குச் செலவு செய்வதும் தகும். பாரீ காலத்துப் பிரெஞ்சு வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்திருக்கும். சிலிக்கன் மூன்று, நான்கு விழுக்காடு என்று வந்தால் அது இருபதாம் நூற்றாண்டுக் கலவை. மேல்நிறத்தின் மீது வைத்துப் பார்த்தால் கருவி தவறாகக் காட்டும், அதனால் அடியில் சுத்தம் செய்த இடத்தில் வைக்கச் சொல்.

எண்ணுக்குப் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆன்ட்வெர்ப் விலங்குக்காட்சிச் சாலையில் விலங்குகளின் முன்னால் நின்றே உருவம் செய்த ரெம்பிராண்ட் புகாட்டியின் சிற்பங்களை பாரிஸின் எப்ரார் வார்ப்புக்கூடம் மெழுகு முறையில் குறைந்த எண்ணிக்கையில் வார்த்தது. அவற்றில் கூடத்தின் முத்திரையும் எண்ணும் சேர்ந்து ஆராயத்தக்க சான்றுகள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் செய்த உருவத்தின் மேல் வண்டல் மண் பூசிச் சுடும்போது மெழுகு போய்விடுகிறது, அச்சும் உடைபடுகிறது. அதனால் ஒவ்வொன்றும் ஒற்றை. பாரிஸில் மூல உருவத்தைப் பத்திரப்படுத்தி, அதிலிருந்து மெழுகுப் பிரதிகள் எடுத்தார்கள். அதனால்தான் எத்தனை என்று யாராவது வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய பிரெஞ்சு விதியும் அதைத்தான் காக்கிறது: கலைஞரோ அவருடைய வாரிசுகளோ மேற்பார்த்த எட்டு எண்ணிட்ட பிரதிகள், ரோமன் எண்ணிட்ட நான்கு கலைஞர் பிரதிகள், ஆகப் பன்னிரண்டு வரை அசல். 1981-இன் ஆணைப்படி, அசலிலிருந்து எடுத்த நகலில் அது நகல் என்று அழியாதபடி பொறித்திருக்க வேண்டும். இந்தப் புலி எப்போது வார்க்கப்பட்டது என்று எழுத்தில் கேள். அதற்குப் பிந்தியது என்றால், அந்தச் சொல் எங்கே என்றும் கேள். சான்றிதழ் என்று நீ அனுப்பிய தாளில் வார்ப்புக்கூடத்தின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதும் இல்லை. விற்பவரே எழுதி விற்பவரே கையொப்பமிட்ட தாள் அது.

நகலென்று தெரிந்தே, நகலின் விலைக்கு அதை வாங்கி உன் மேசையில் வைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். புலியின் நடை அதிலும் அழகாகவே இருக்கிறது. அசலின் விலையை அதற்கு நீ கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

என்னுடைய 600 மில்லிமீட்டர் வெர்னியர் காலிப்பரை எண்ணெய் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அங்கு வரும் மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். மூக்கு நுனியில் தாடையை அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் வைத்து மூன்று முறை அளந்து, மூன்று எண்களையும் அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா