வானத்து வெளிச்சத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பறக்கும் தட்டுகளை அமெரிக்க விமானப்படை விசாரித்த கதையைச் சென்ற ஞாயிறு இதழில் விரிவாகப் போட்டிருந்தீர்கள். 1952 முதல் 1969 வரை நடந்த 'புளூ புக்' திட்டத்தில் சேர்ந்த 12,618 முறைப்பாடுகளில் 701க்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். எனக்கு அந்த 701ஐ விட, விளக்கம் சொல்லி மூடிய மற்றக் கோப்புகள் பற்றித்தான் கவலை.

1950களின் நடுவில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் யூ-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் இரகசியமாகப் பறக்கத் தொடங்கியது. கீழே இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அதன் வெள்ளி இறக்கைகள் நெருப்பாய்த் தெரியும். கண்டவர்கள் விமானப்படைக்கு எழுதினார்கள். விசாரித்த அதிகாரிகள் சி.ஐ.ஏ.யிடம் கேட்டு, அது யூ-2தான் என்று அறிந்துகொண்டார்கள். ஆனால் எழுதியவருக்குப் போன பதில் பனிப்படிகம், காற்றின் வெப்பநிலை மாற்றம் என்று இருந்தது. இதை 1997இல் வெளிவந்த சி.ஐ.ஏ.யின் சொந்த ஆய்வே சொல்கிறது. கண்ணால் கண்டதை நேர்மையாகச் சொன்ன மனிதருக்கு அரசாங்கம் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

படையினரின் கண்ணும் வேறு. 2012, 2013இல் லடாக் எல்லையில் இந்தியப் படையினர் சீன ட்ரோன்கள் என்று மாதக்கணக்காகக் குறித்து வைத்தவை, வியாழன், வெள்ளி ஆகிய கோள்கள் என்று வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். காவலில் நிற்பவருக்கு எல்லாம் எதிரியாகத் தெரிவது இயல்பு. அதனால்தான் கடைசி வார்த்தை அவர்களுடையதாக இருக்கக் கூடாது என்கிறேன்.

சரி, நம்முடைய கிழக்கிலங்கைக் கரைக்கு வருவோம். வாகரையிலிருந்து பொத்துவில் வரை இரவில் வானத்தை அதிகம் பார்ப்பவர்கள் கடற்தொழிலாளர்கள். வரிசையாய் நகரும் வெளிச்சம், இணையச் சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து தெற்கே போகும் ராக்கெட்டுகள் நம் தீவுக்கு மேலே பறக்காமல் கிழக்குக் கடல் பக்கமாக வளைந்து போகின்றன, அதுவாகவும் இருக்கலாம். இதைச் சொல்லித் தர இங்கே யார் இருக்கிறார்கள்? போர்க்காலத்தில் படையினர் இரவில் வானில் ஏவிய பரா லைட் வெளிச்சத்தைக் கண்டதும் பங்கருக்குள் ஓடி வளர்ந்த சனம், படை முகாமுக்குப் போய் "வானத்தில் ஒன்றைக் கண்டேன்" என்று சொல்லுமா? அடையாள அட்டையைக் கேட்பார்கள், அந்த நேரத்தில் கடற்கரையில் என்ன வேலை என்பார்கள். பேசாமல் இருப்பதே மேல் என்று விட்டுவிடுவார்கள். இளம் பிள்ளைகளோ முகநூலில் போட்டுக் கேலி வாங்குகிறார்கள்.

பிரான்சில் 1977 முதல் இந்த ஆய்வைச் செய்வது அந்நாட்டு விண்வெளி நிறுவனம். 2007இலிருந்து கோப்புகளை யாரும் இணையத்தில் படிக்கலாம். நமக்கு அவ்வளவு பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் தெரிந்தது என்று பதிந்துகொள்ள ஒரு தொலைபேசி இலக்கமும், பௌதிகவியல் படிக்கும் சில மாணவர்களும் போதும். ரேடார் தகவல் விமானப்படையிடம்தான் இருக்கும். தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆகவே பல்கலைக்கழகம் கேட்டால், மறைக்கத் தேவையில்லாத அளவுக்காவது கொடுக்க விமானப்படை முன்வர வேண்டும்.

வாசகர்கள் கண்டதை எழுதவும், விரிவுரையாளர் ஒருவர் பதில் சொல்லவும் உங்கள் பத்திரிகையில் மாதம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்குங்கள். எழுதுபவரின் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.