காணி உறுதி முதலா, கசினோ அனுமதி முதலா? மலையக உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் எங்கள் வாக்கை வாங்கிப் பாராளுமன்றம் சென்றிருக்கும் உங்கள் எல்லோருக்கும், எங்களிடம் மாதாமாதம் சந்தா வாங்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில். கொஞ்ச நாளாக நானுஓயா ஸ்டேஷனிலும் நுவரெலியா பஸ் ஸ்டாண்டிலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது: கொழும்பில் வந்த மாதிரி மலைநாட்டுக்கும் பெரிதாக ஒரு கசினோ வந்தால் என்ன? ஹோட்டல் வைத்திருப்பவர்கள் வரட்டும் என்கிறார்கள். வான் ஓட்டுகிற பையன்களும் வரட்டும் என்கிறார்கள். கோயில் கமிட்டியில் கேட்டால் வேண்டாம், விகாரையில் கேட்டாலும் வேண்டாம். நான் கேட்டதெல்லாம் வெறும் பேச்சுத்தான். பேச்சாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வர்த்தமானி வந்த பிறகு எழுதினால் அது ஒப்பாரியாகத்தான் இருக்கும்.

சட்டம் மாறியது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டத்தையும் வெள்ளைக்காரர் காலத்துச் சூதாட்ட, குதிரைப் பந்தயச் சட்டங்களையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவரும் புதுச் சட்டத்தை 2025 ஆகஸ்டில் உங்கள் சபைதான் நிறைவேற்றியது. அதே மாதம் கொழும்பில் நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய விடுதியும் கசினோவும் திறந்தன. இலங்கையர் உள்ளே போவதற்கான அறவீடு 50 டொலரிலிருந்து 100 டொலராக ஏறியது. மொத்த வசூலில் கசினோக்காரர் கட்டும் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. திறைசேரிக்கு வருமானம் வேண்டும், எனக்கு விளங்குகிறது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

"நூறு டொலர் கட்டி எந்தத் தோட்டத்து ஆள் உள்ளே போகப் போகிறான்? நீங்கள் ஏன் டீச்சர் பயப்படுகிறீர்கள்?" என்று என்னிடமே கேட்டார்கள். கணக்கு சரிதான். நூறு டொலர் ஏறக்குறைய 30,000 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், 22 நாளுக்கு மேல் வேலைக்குப் பேர் விழுந்தால்தான் அந்த வாசலைத் தாண்டலாம். என் அப்பா இன்றைக்கு இருந்தாலும் அங்கே போயிருக்க மாட்டார். அவருக்கு வாய்த்தது டவுனில் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டும் ஒரு ரேஸ் புக்கி கடை.

இங்கிலாந்தில் பகல் இரண்டு மணிக்கு ஓடுகிற குதிரை எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஓடும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் நின்றுவிட்டு வந்து, குளித்து, சட்டை மாற்றி பஸ் ஏற அப்பாவுக்கு நேரம் சரியாக இருக்கும். அதற்கு முன்னால் ரேஸ் தாளை இஸ்தோப்பில் விரிப்பார். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், இங்கிலீஷ் வராது. ஒன்பது வயதில் குதிரைகளின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவது என் வேலை. "எந்தப் பேரு நல்லாருக்கு பாப்பா?" என்பார். நான் விரல் வைத்த பெயருக்கு நேரே நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். தோற்ற நாளில் அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேரே பீலிக்குப் போய் முகம் கழுவுவார், வெகுநேரம் கழுவுவார். நான் தப்பான பெயரில் விரல் வைத்துவிட்டேன் என்று பாயில் குப்புறப் படுத்து அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் தோடு இரண்டு தடவை அடகுக்குப் போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை வரவில்லை. இத்தனைக்கும் அப்பா அந்தக் கடையில் வைத்தது இருபது, ஐம்பது ரூபாய்தான்.

அந்தக் கடை இருந்த இடத்தை நான் இப்போதும் படமாக வரைந்து காட்டுவேன். தோட்டத்து பஸ் வந்து நிற்கும் இடத்திலிருந்து நேர் பார்வையில் புக்கி கடை. இரண்டு கடை தள்ளித் தவறணை. ரோட்டைக் கடந்தால் அடகுக் கடை. சம்பள நாளில் பஸ்ஸை விட்டு இறங்குகிற மனிதன் கூட்டுறவுக் கடைக்குப் போவதற்குள் மூன்றையும் தாண்டியாக வேண்டும். யாரோ நின்று பார்த்து, அளந்து போட்டிருக்கிறார்கள். சூதாட்டக் கடையை எங்கே வைப்பது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று நான் அந்தத் தெருவில்தான் படித்தேன்.

நூறு டொலர் அறவீடு தோட்டத் தொழிலாளியைத் தடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மலையகத்தில் மொத்தமாகக் காசு கையில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். கந்தப்பளையிலும் மீப்பிலிமானவிலும் கரட்டும் லீக்ஸும் போட்டு, விலை ஏறிய வாரத்தில் ஒரு லொறி ஏற்றிவிட்டவன் கையில் அன்றைக்கு லட்சக்கணக்கில் இருக்கும்; அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் அதில்தான் வாங்க வேண்டும். ஓய்வு பெற்று சேமலாப நிதி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், முப்பது நாற்பது வருட உழைப்பு ஒரே காசோலையாக வரும். சவூதியிலும் குவைத்திலும் வீட்டுவேலை செய்கிற பெண்கள் அனுப்பும் பணத்தை இங்கே வங்கியில் எடுக்கிற கணவன்மார் இருக்கிறார்கள். இவர்களுக்கு 30,000 ரூபாய் தடையே இல்லை. கட்டிய காசை உள்ளே மீட்டுவிடலாம் என்ற நினைப்பையும் அதுவே கிளப்பிவிடும்.

தென்கொரியாவில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போய் வேலையில்லாமல் கிடந்த மலைப் பிரதேசத்தைத் தூக்கிவிட 1995இல் தனிச் சட்டம் போட்டு, 2000ஆம் ஆண்டில் காங்வொன் லாண்ட் என்ற கசினோவைத் திறந்தார்கள். கொரியக் குடிமக்கள் உள்ளே போகலாம் என்றிருப்பது அந்நாட்டில் அது ஒன்றுக்குத்தான். நோக்கம் நல்லதுதான், வருமானத்தில் ஒரு பங்கு அந்தப் பிரதேசத்தின் அபிவிருத்திக்கே போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படியிருந்தும் அடிவாரத்துச் சிற்றூர்களில் அடகுக் கடைகள் வரிசை கட்டின. தோற்றவர்கள் அடகு வைத்து மீட்காத கார்கள் அங்கே நிறுத்தப்பட்டுக் கிடந்தன. ஒருவர் மாதத்தில் 15 நாளுக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு வைக்க வேண்டி வந்தது. தேயிலை விழுந்துகொண்டிருக்கும் எங்கள் மலையைப் பார்த்து யாராவது அதே மருந்தைச் சொன்னால், அந்த ஊர்த் தெருவையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் நாட்டில் பந்தய அறவீடு முழுவதும் திறைசேரிக்குப் போகிறது. அதில் இத்தனை வீதம் மலையகப் பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எழுதிய வரி ஒன்றையும் நான் கண்டதில்லை.

ஹோட்டல்காரர்கள் மலேசியாவின் கெந்திங் மலையைக் காட்டுகிறார்கள். அதுவும் 1,800 மீற்றர் உயரம், எங்கள் நுவரெலியா 1,868. 1971இல் தொடங்கி இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை, உண்மை. ஆனால் அது காட்டை வெட்டிப் பாதை போட்டு ஏறிய மலை. இங்கே எந்த மலையைக் காட்டினாலும் அதன் மடிப்பில் ஒரு லயம் இருக்கும், கீழே ஒரு கோயில், பக்கத்தில் எங்கள் முன்னோரைப் புதைத்த இடம்.

வேலை என்று வரும்போது என் குரல் இறங்கிப் போகிறது, மறைக்க மாட்டேன். என்னிடம் சாதாரண தரம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில் துணிக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிறார்கள். தீபாவளிக்கு வருகிறவனைப் பார்த்தால் ஆள் இளைத்திருப்பான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு நல்ல ஹோட்டலில் வேலை கிடைத்தால் அந்தத் தாய்க்கு அது வரம். ஹோட்டல் வரட்டும், நான் தடுக்கவில்லை. அதற்குள் சூதாட்ட மேசையும் இருந்தால்தான் ஹோட்டல் நிற்கும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. ரயிலில் எல்லவுக்குத் தொங்கிக்கொண்டு போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் சூதாடவா வருகிறார்கள்?

இனி நான் முக்கியமாகக் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்து, பிறகு 2045 வரை குத்தகை எழுதினார்கள். அந்தக் குத்தகைக்குள்தான் எங்கள் லயத்துக் காம்பராக்களும் இருக்கின்றன. நாங்கள் வந்து 200 வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம், நடந்தோம், பேசினோம். இன்றைக்கும் என் அம்மா படுக்கிற அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லை. 7 பேர்ச் தருவதாகச் சொன்னார்கள், பிறகு 10 பேர்ச் என்றார்கள். ஒரு ஏக்கரில் 160 பேர்ச் இருக்கிறது, எவ்வளவு சின்னத் துண்டைக் கேட்டு நிற்கிறோம் என்று நீங்களே பாருங்கள். அந்தத் துண்டை அளக்க ஆள் இல்லை, வழி இல்லை, கம்பனி விடவில்லை என்று காரணம் வந்துகொண்டே இருக்கிறது. நாளைக்கு முதலீட்டாளர் ஒருவர் ஏக்கர் கணக்கில் கேட்டால் சர்வேயர் எத்தனை நாளில் மலையேறுவார்?

உறுதி இல்லாதவனிடம் "இங்கே கட்டலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. அவன் குடியிருக்கிறவன், அவ்வளவுதான். ஆகவே இட விவாதத்தில் உட்காரவே எங்களுக்கு முதலில் காணி வேண்டும்.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போக வேறு காணி இல்லாததால் சனம் அங்கேயே இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேல் உயிர் போனது, மலையகத்தில் எத்தனை சரிவு! என் வகுப்பில் ஒரு பிள்ளை இன்றைக்கும் மழை பெரிதாகப் பெய்தால் புத்தகத்தைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பாடம் கேட்கும். நான் கழற்றச் சொல்வதில்லை. இந்த மண்ணில் பத்து மாடிக்கு அடித்தளம் வெட்டுவதற்கு முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கீழே குடியிருக்கிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டுங்கள். கோப்புக்குள் இருக்கிற அறிக்கை எங்களைக் காப்பாற்றாது.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று பார்க்க உங்களுக்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் 2018 சட்டப்படி ஊரின் சம்மதமும் அந்த மாகாண அல்லது நகர சபையின் வாக்கும் இல்லாமல் விண்ணப்பமே போக முடியாது. 2022 ஏப்ரலில் வகயாமா மாகாண சபை வாக்களித்து வேண்டாம் என்றது, திட்டம் அங்கேயே நின்றது. யொகொஹாமாவில் 2021 மேயர் தேர்தலில் கசினோவை எதிர்த்தவர் வென்றார், நகரம் விலகிக்கொண்டது. எங்கள் பிரதேச சபைகளுக்கும் அப்படி ஒரு வாக்கை வாங்கித் தாருங்கள். சிங்கப்பூரில் இரண்டே கசினோ, இரண்டும் 2010இல் திறந்தவை. அங்கே குடும்பத்தார் விண்ணப்பித்து வீட்டு ஆளை உள்ளே விடாமல் தடுக்க வழி இருக்கிறது. அந்த ஒரு விதியைப் படித்தபோது நான் அம்மாவை நினைத்தேன். அப்படி ஒரு படிவம் அன்றைக்கு இருந்து, யாராவது நிரப்பிக் கொடுத்திருந்தால், பெருவிரல் ரேகையை அம்மா ஓடிப்போய் வைத்திருப்பாள். புது அதிகாரசபை அந்த உரிமையைக் கசினோவோடு நிறுத்தாமல் டவுனில் இருக்கிற புக்கி கடைக்கும் சேர்த்துத் தர வேண்டும். அங்கேதான் எங்கள் ஆட்கள் போகிறார்கள்.

எங்கே கட்டலாம் என்று என்னைக் கேட்டால், ஏற்கெனவே கசினோ இருக்கிற கொழும்போடு நிறுத்துங்கள் என்பேன். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேர் துறைமுக நகரம் இருக்கிறது. அதனால் மீனவர்கள் பட்ட பாடு வேறு, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அங்கே யாரையும் லயத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை, எந்த மலையும் சரிய வேண்டியதில்லை. நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன் ஒன்றே போதும். குதிரை ஓடுகிற அந்த நாட்களில் டவுனில் தண்ணீர் எப்படி வருகிறது என்று அங்கே வாடகைக்கு இருக்கிற எந்தக் குடும்பத்தையும் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு கேள்வியைத்தான். அடுத்த அமர்வில் எழுந்து நின்று அமைச்சரிடம் கேளுங்கள்: மலையக மாவட்டங்களில் எந்தக் கசினோவுக்கும் இடம் குறிப்பதற்கு முன், அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் லயத்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி உறுதி கொடுத்து முடிப்பீர்களா? ஆம் அல்லது இல்லை. பதிலைத் தமிழில் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பிரதியை எங்கள் பாடசாலைக்கும் அனுப்பிவையுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி