‘முதன்மைக் கலை எது?’ என்று கேட்கும் அதிகாரிக்கு

கலைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்கும் அலுவலகத்தின் உயர் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘முதன்மைக் கலை தெளிவாக இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். தெளிவாகத்தான் எழுதியிருந்தேன், ஐயா. தனித்தனியாக அழைக்கப்படும் நடிகர்கள் அன்றிரவு மேடையில் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் எனும் கதாநாயகி வேடம், படங்களுக்கும் தொடர்களுக்கும் டப்பிங் குரல், வானொலி நாடகம். மூன்றையும் எழுதியதுதான் குற்றம் போலும்.

எங்கள் பிழைப்பு தாங்கள் அறியாததல்ல. பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக்கள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மேடை ஏறினால் விடியும்வரை நாடகம்தான். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் நாடகம் என்றால், அன்றைக்கு வந்து சேர்ந்த ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், முருகனாக நின்று தர்க்கத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் வள்ளியாக நிற்கும் நான் ஈடுகொடுத்தாக வேண்டும். ஆடி கழிந்ததும் அழைப்பு அருகிவிடும். அதன்பிறகு வீட்டில் உலை கொதிப்பது மைக்குக்கு முன்னால் நிற்பதால்தான். இதில் எது முதன்மை என்று நான் எதை வைத்துச் சொல்வது? பங்குனியில் ஒரு விண்ணப்பம், ஆவணியில் ஒரு விண்ணப்பம் என்று கொடுக்கட்டுமா?

சான்று விஷயம் இதைவிடக் கொடுமை. நாடகத்துக்காவது நோட்டீஸ் இருக்கிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. குரல் வேலைக்கு ‘கலை நிகழ்த்தும் புகைப்படம்’ கேட்கிறீர்கள். தொடர்களில் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் குரல் கொடுக்கிறோம். திரையில் காய்ச்சலில் கிடந்து அம்மாவைக் கூப்பிடுகிறவன் ஏழு வயதுப் பையன், கூப்பிடும் குரல் என்னுடையது. அவன் உதடு மூடும் இடத்தில் என் சொல்லும் முடிய வேண்டும், விம்மல் நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பையனின் படத்தையா நான் ஒட்டுவது? காதில் ஹெட்போனோடு மைக் முன்னால் நிற்கும் என் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “சும்மா நிற்கிறீர்களே அம்மா, இதில் கலை எங்கே இருக்கிறது?” என்றார் இருக்கையில் இருந்தவர். பெயராவது திரையில் வருமா என்றும் கேட்டார். எத்தனை தொடர்களில் எங்கள் பெயர் போடுகிறார்கள் என்று அவரே ஒரு நாள் மாலை உட்கார்ந்து பார்க்கட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளைப் பதிய இடம் கொடுங்கள். குரல் கலைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடம் தரும் கடிதத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டு பாடினார், நாடகக் கம்பெனியில் நடித்தார், சினிமாவுக்கும் போனார், அங்கேயும் சொந்தக் குரலில் பாடினார். சென்னையில் அவர் பெயரில் அரங்கமே இருக்கிறது. அவர் இன்று விண்ணப்பித்தால் அதற்கும் சிவப்பு மைதானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெங்கு ஒழிப்பு, தலைக்கவசம், 100 சதவீத வாக்குப்பதிவு என்று விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சிக்குக் கூப்பிடும்போது எங்கள் முதன்மைக் கலையை எந்தத் துறையும் கேட்பதில்லை. அங்கே நானே பாட வேண்டும், நானே கொசுவாக நடிக்க வேண்டும், ஜீப்பில் ஏறி மைக்கில் அறிவிப்பதும் நானே. அந்தப் பணம் வந்து சேரும் வேகத்தைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டை இல்லாமல் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்க முடியவில்லை. நாளை தொண்டை போய்விட்டால் ஓய்வூதியமும் கேட்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளைப் பதிய வழி செய்யுங்கள் என்று பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்த அதே விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்று கலைகளில் எதையும் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நாடக, குரல் கலைஞர்